ஜாக்கிரதை மாமா

எந்தக் குடும்பத்திலும், குடும்பத்தில் இல்லாவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலாவது, ஜாக்கிரதை மாமா ஒருவர் இருந்தே தீருவார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனும் பிராட்பேண்டும் பேரன் கழித்துப் போட்ட மடிக்கணினியும் கைவசமிருக்க, லோகத்தைக் கணினிக் கிருமிகளிடமிருந்து ரட்சிப்பதே தம் சேஷ ஜீவிதத்தின் லட்சியம் என்று சங்கற்பம் செய்துகொண்ட அந்தப் புண்ணியாத்மா, காலையில் காபி ஆறுவதற்குள் நாற்பது பேருக்கு அபாய அறிவிப்பு அனுப்பிவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார்.

இந்தப் பரோபகாரத்துக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, காதல் கடிதம் என்ற வேஷத்தில் வந்து, திறந்தவருடைய முகவரிப் புத்தகத்திலிருந்த அத்தனை பேருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. கோப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி' என்று சாதுவாக முடிவதுபோல் தோன்றியதே தவிர, அதற்கப்பால் '.விபிஎஸ்' என்று ஒரு வால் இருந்ததை விண்டோஸ் தன் வழக்கப்படி மறைத்துவிட்டது. மாமாவின் மேலதிகாரி, பிரம்பு நாற்காலியும் கடுகடுத்த முகமுமாக முப்பது வருஷம் ஆபீஸை ஆண்டவர், அவர் பெயரிலேயே அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. மேலதிகாரி அனுப்பிய காதல் கடிதத்தைத் திறக்காமல் இருப்பது மரியாதைக் குறைவாகிவிடுமே என்று மாமா திறந்தார்.

அன்று பிறந்த வைராக்கியம் 2002-இல் உச்சத்தை எட்டியது. சின்னதாகக் கரடிப் படம் போட்ட 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்ற கோப்பு கணினியில் இருந்தால் அது வைரஸ் என்றும், அதை உடனே அழித்துவிட்டுத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றும் ஒரு மின்னஞ்சல் அப்போது உலகத்தைச் சுற்றியது. தேடிப் பார்த்தவர்கள் வீட்டிலெல்லாம் கரடி இருந்தது. இருக்கத்தானே செய்யும், அது விண்டோஸோடு கூடவே வந்த, ஒரு பாவமும் அறியாத கோப்பு. மாமா தம் கணினியில் அழித்தார், சம்பந்தி வீட்டுக்குப் போய் அங்கேயும் அழித்தார், பிறகு அனைவருக்கும் எழுதினார். புழுவுக்காவது முகவரிப் புத்தகத்தைத் தானே புரட்டவேண்டிய சிரமம் இருந்தது. புரளிக்கு அதுகூட இல்லை, மாமா இருந்தார்.

இப்போது அவருடைய பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தரிசிக்கலாம். மடிக்கணினியின் காமிராவின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. பாஸ்வேர்டு, மாமியின் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தது, பக்கத்துத் தினசரிக் காலண்டரில் ராகுகாலத்துக்குக் கீழே. 'அப்டேட் செய்யவா?' என்று கணினி கெஞ்சும்போதெல்லாம், அதன் வழியாகத்தான் வைரஸ் வருகிறதென்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, மாமா மறுத்துவிடுவார். ஆனால் சென்ற ஆவணியில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று '.ஏபிகே' கோப்பு ஒன்று வந்தபோது, பத்திரிகை வைத்தும் பார்க்கவில்லை என்ற மனஸ்தாபம் வரக்கூடாதே என்று, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துப் போனில் அதைப் பிரதிஷ்டை செய்துகொண்டார்.

மாமி வேறு ரகம். உங்கள் பார்சலில் போதைப் பொருள் இருந்தது, மும்பை போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று ஒருவன் அதட்டியபோது, "குக்கர் விசில் வரது, அப்புறம் பேசுங்கோ" என்று வைத்துவிட்டாள். "போலீஸ்காரர் பேசறச்சே கட் பண்ணலாமோ? என்ன நினைச்சுப்பார்?" என்று மாமாவுக்கு நாள் முழுதும் சஞ்சலம்.

டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, பணம் வாங்கிக்கொள்வதற்கு யூபிஐ ரகசிய எண் வேண்டியதில்லை, ஓடிபியை எந்த வங்கியும் போனில் கேட்காது என்பதெல்லாம் மாமா நமக்கு அனுப்பிவைத்த செய்திகளிலேயே இருக்கின்றன. அவர் அனுப்புவாரே தவிர, வாசிக்கும் வழக்கம் இல்லை.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பணம் போய்விட்டது என்று தெரிந்த மறு நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மாமாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எப்படியும் அதுபற்றி அவரிடமிருந்து உங்களுக்கே ஓர் எச்சரிக்கை வந்து சேரும்.