கல்லுக் கப்பல் கட்டின மகராசி

வா மாப்ள, உட்காரு. ஏரியோரமா நிலம் பாத்திருக்கியாம், சுத்தி வேலி போட்டு பங்களா கட்டப் போறியாம். ரொம்பச் சந்தோசம். சங்கத்துக் கணக்கு நோட்டு உன் கையில இருக்கிறப்பவே கட்டி முடிச்சிரு. வேற பய பொறுப்புக்கு வந்தா வரவு எங்க, செலவு எங்கன்னு நச்சரிப்பான்.

இந்தக் காரியத்துல நீ கும்பிட வேண்டிய சாமி சீனத்துச் சிசி மகராணி. பீஜிங்கில கோடை அரண்மனைன்னு ஒண்ணு இருக்கு. அதுல முக்கால்வாசி தண்ணிதான், குன்மிங் ஏரி. 1750-ல சியான்லாங் சக்கரவர்த்தி, அம்மாவோட அறுபதாம் பிறந்தநாளைச் சாக்கா வச்சு ஏரியை அகலப்படுத்தி, வெட்டின மண்ணைக் குன்று மேல கொட்டி ஆரம்பிச்சார். அம்மா பேரைச் சொன்னா எவன் கணக்குக் கேப்பான்? நீயும் எங்க அக்கா பேரை வாசல்ல பெருசா எழுதிரு.

1860-ல பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் வந்து அதைக் கொளுத்திட்டுப் போனான். அதை விடு. சிசி அம்மா திரும்பக் கட்ட ஆசைப்பட்டதுலதான் விசயமே இருக்கு. கஜானா காலி. கடற்படைக்குன்னு ஒதுக்கின பணம் கண்ணுல பட்டுச்சு. ஏரியில மாலுமிக்குப் பயிற்சி குடுக்கப் போறோம்னு ஒரு பள்ளிக்கூடத்தைத் தொறந்தாங்க, பக்கத்துலயே அரண்மனை வேலையும் நடந்துச்சு. எவ்வளவு பணம் எடுத்தாங்கங்கிறதுல படிச்சவங்க இன்னமும் அடிச்சுக்கிறாங்க. எடுத்தாங்கங்கிறதுல சண்டை இல்ல.

கரையில ஒரு பளிங்குக் கப்பல் நிக்குது மாப்ள. அடிப்பாகம் கல்லு, சியான்லாங் காலத்துது. மேல இருந்த மரக் கட்டடம் தீயில போயிருச்சு. 1893-ல மரத்துலயே புதுசா மாடி எழுப்பி, பளிங்குன்னு நம்புற மாதிரி வண்ணம் பூசி, நீராவிக் கப்பலுக்கு இருக்கிற கணக்கா ரெண்டு பக்கமும் சக்கரம் வேற வச்சாங்க. மறு வருசமே சப்பான்காரனோட சண்டை. நிசக் கப்பலுக மஞ்சக் கடல்ல முழுகிச்சு. இது மட்டும் முழுகல. முழுகவே முழுகாத கப்பல் கட்டத் தெரிஞ்ச மகராசியைப் போயி உலகம் ஏசுது! அந்த வருசம் அவங்களுக்கே அறுபது. அரண்மனையில தடபுடலா நடக்க இருந்த பிறந்தநாளைச் சண்டை கெடுத்திருச்சு, பாவம்.

சிசியோட தங்கச்சி மகன் குவாங்சு, பேருக்கு அவர்தான் சக்கரவர்த்தி. நாட்டைச் சீர்திருத்தணும்னு 1898-ல வாயைத் தொறந்தார். பிடிச்சு அடைச்சாங்க. ஏரிக்கரை மாளிகையிலயே செங்கல் சுவர் எழுப்பி அவரைக் காவல்ல வச்சாங்க, அந்தச் சுவரு இன்னைக்கும் இருக்கு. அதனால உன் பிளான்லயும் ஒரு அறை போட்டு வை, கேள்வி கேக்கிற சொந்தக்காரனுக்கு. என்னை அடைக்கிறதா இருந்தா தெக்குப் பக்கம் ஒரு சன்னல் வச்சிரு.

1908-ல அந்தச் சக்கரவர்த்தி போன மறுநாளே சிசி அம்மாவும் போய்ச் சேந்தாங்க. 1912-ல ராஜ்ஜியமும் போச்சு. அரண்மனை மட்டும் கடைசிச் சக்கரவர்த்தி பூயிப் பையனோட சொந்தச் சொத்துன்னு இருந்துச்சு. 1914-ல அதுக்கும் சீட்டுக் குடுத்துச் சனத்தை உள்ள விட ஆரம்பிச்சாங்க. 1924-ல பூயியை ஊருக்குள்ள இருந்த பெரிய அரண்மனையை விட்டே விரட்டினாங்க, ஏரித் தோட்டம் பொதுப் பூங்கா ஆயிருச்சு. 1998-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறிச்சு. ராசவம்சம் உலாத்தின 728 மீட்டர் நடைக்கூடத்துல இப்ப ஊரான் பிள்ளைக ஐஸ் தின்னுக்கிட்டு ஓடுதுக.

காசு யாரோடதோ, கடைசியில அவங்க கைக்கே சொத்து வந்துருச்சு பாத்தியா. அதனால கஞ்சத்தனம் பண்ணாம நல்லாக் கட்டு மாப்ள. சுவரு உசரம் வேண்டாம், பின்னால இடிக்கிற செலவு மிச்சம். கக்கூஸ் நாலு கூடுதலாப் போடு. வாசலுக்கு இடது பக்கம் டிக்கெட் கவுண்டருக்குப் பத்தடி விட்டுரு. உன் பேரப்பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் வாங்கித் தர நான் பொறுப்பு.