கிள்ளான் ஆற்றுப்படை: வழி கேட்டலும் வழி சொல்லலும் பற்றிய ஒரு முதல்நிலை ஆய்வு

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வருபவரை நிறுத்துவார். எந்த வழியில் போக வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், கடைசியில் யார் வாசலில் நிற்க வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்வார். கல்லூரிப் பாடங்கள் இவ்வகையைச் சங்கப் பகுதியோடு மூடிவைத்துவிடுகின்றன. பாடம் எழுதியவர்கள் எவரும் மலேசியாவின் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறங்கி யாரிடமும் வழி கேட்டதில்லை போலும். அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

களம், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தொடங்கி கிள்ளான் வழியாக மேரு வரை. ஆய்வுக்கு உட்பட்டோர், ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று வெளியூர்களிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் கூட்டாளிகள். தனியாக வருபவர் ஆய்வுக்கு உதவார். கைப்பேசியைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்துவிடுவார். நால்வர் வந்தால் ஒரே வரைபடத்தை நாலு விதமாகப் படிப்பார்கள். அப்போதுதான் ஐந்தாம் ஆள் தேவைப்படுகிறார்.

முதல் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. "லிட்டில் இந்தியா எங்கண்ணே?" என்றால் பதில் ஒன்றல்ல. மஸ்ஜித் இந்தியா பக்கத்தைச் சொல்பவர் உண்டு. 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து திறந்துவைத்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியைச் சொல்பவர் உண்டு. கிள்ளான்காரருக்கோ உலகில் ஒரே லிட்டில் இந்தியாதான். அது ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஜாலான் தெங்கு கிளானா. பிரிக்பீல்ட்ஸைப் பற்றிச் சொன்னால், "அது புதுசு தம்பி" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்.

அடுத்தது பாலம். கிள்ளான் ஆறு ஊரை வடக்கு தெற்கு என இரண்டாகப் பிரிப்பதால், பாலம் இல்லாமல் இங்கே எந்த வழியும் சொல்ல முடியாது. 1961-இல் திறக்கப்பட்ட கோத்தா பாலமோ இரட்டைத் தட்டு: மேல்தட்டு வண்டிகளுக்கென்று கட்டப்பட்டது, கீழ்த்தட்டு நடப்போருக்கும் சைக்கிளுக்கும். ஆகவே "பாலத்துக்குக் கீழ போங்க" என்பது கீழ்த்தட்டில் நடந்து ஆற்றைக் கடக்கச் சொல்வதாகவும் இருக்கலாம். பாலத்தடியில் இருக்கும் பக்குத்தே (பன்றியிறைச்சிச் சூப்பு) கடையில் சாப்பிடச் சொல்வதாகவும் இருக்கலாம். 2024-இல் பக்குத்தே தேசிய மரபுணவாக அறிவிக்கப்பட்ட பிறகு இரண்டாம் பொருள் வலுத்திருக்கிறது என்று கருத இடமுண்டு. சைவர்கள் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, இடிந்துபோன அடையாளங்கள். இந்த வட்டாரத்தில் வழி சொல்பவர் இருக்கிற கட்டடங்களை நம்புவதில்லை. துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆனது 1972-இல். பெரியவர் ஒருவர் இன்னும் அதை சுவெட்டன்ஹாம் என்பார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகியும், அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பச் சொல்வார்கள். மேரு பக்கம் இது முற்றிய நிலையில் காணப்படும். செத்தியா ஆலாமுக்கு வழி கேட்கும் இளைஞரிடம், "நார்த் ஹம்மோக் தோட்டமா?" என்று திருப்பிக் கேட்பார் பாட்டி. இளைஞருக்குத் தெரிந்தது பேரங்காடி. பாட்டிக்குத் தெரிந்தது அதற்கு முன் அங்கிருந்த தோட்டம். இருவரும் சொல்வது ஒரே மண்ணைத்தான்.

தூரத்துக்கும் இதே கதி. எடை அளவைச் சட்டம் 1972-இல் வந்து மைல் கற்கள் ஓய்வு பெற்றன. ஆனால் ஜாலான் மேருவில் யாரும் எட்டுக் கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. ஐந்தாம் மைலைக் குறிக்கும் "அஞ்சாங்கட்டை" என்றால் எல்லாருக்கும் விளங்கும், வெளியூர்க் கூட்டாளிகளைத் தவிர. அவர்கள் கட்டையைத் தேடிக்கொண்டே மேரு சந்தை வரை போய்விடுவார்கள்.

சுட்டும் உறுப்புப் பற்றியும் சில தரவுகள். மலாய்க்காரர் ஆள்காட்டி விரலை நீட்டுவதை மரியாதைக் குறைவாகக் கருதி, வலக்கைப் பெருவிரலால் காட்டுவார். சீனத்து அங்கிள் கோப்பிக் குவளையோடு காட்டுவார். நம்மவர்? மோவாய். கையில் பையும் மறுகையில் தே தாரிக்கும் இருக்கையில் வேறென்ன செய்ய முடியும்? மோவாய்ச் சுட்டில் இடமும் வலமும் ஒன்றுபோலவே தெரியும் என்பது களத்தில் பலமுறை உறுதிப்பட்டது.

துல்லியத்துக்கு பிரிக்பீல்ட்ஸ்தான் போக வேண்டும். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. நடைபாதைகளில் மஞ்சள் வழிகாட்டிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். வெள்ளைக் கோலோடு வரும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "அந்தா அங்க" என்ற பேச்சே இருக்காது. எத்தனை திருப்பம், எங்கே படி இறங்குகிறது, எந்த இடத்தில் மல்லிகைப்பூ வாசம் வரும் என்று வரிசையாகச் சொல்வார். கண் தெரிந்தவர்கள் சொன்ன வழிகளை இவ்வாய்வு இதற்குப் பிறகு இரண்டாந்தரச் சான்றாகவே கொள்கிறது.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாமல் ஆய்வு நிறைவுறாது என்பதால் மொராக்கோவையும் பார்த்துவிடுவோம். 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பேஸ் நகரின் பழைய பகுதிக்குள் கார் நுழையாது. கோவேறு கழுதை நுழையும். அந்தச் சந்துகளில் நட்போடு பேச்சுக் கொடுத்து கூடவே வரும் பையன் கடைசியில் சில திர்ஹம் எதிர்பார்ப்பதுண்டு. கிள்ளானில் வழி சொன்னவரே தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். இதை வைத்துப் பெருமை பேசக் கூடாது. பேஸில் பயணிகளை நம்பிப் பிழைப்போர் ஏராளம்; கிள்ளானுக்கு அவ்வளவு பேர் வருவதில்லை.

அதே மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து 1325-இல் கிளம்பிய இபன் பதூதாவைப் பாணர் மரபில் சேர்க்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. யாழ்தான் இல்லை. டில்லிச் சுல்தான், மதுரைச் சுல்தான், சுமத்ராவின் சமுத்ராச் சுல்தான் என்று வாசல் வாசலாக நின்று உணவும் உடையும் பரிசிலும் பெற்றே அவர் உலகைச் சுற்றினார். சமுத்ராவிலிருந்து சீனம் போகிற வழியில் கிள்ளான் கரையில் இறங்கி யாரிடமாவது கேட்டிருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏனென்றால் இங்கே வழி சொல்லல் வழியோடு நிற்பதில்லை. "சாப்டாச்சா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கடுத்தது, "எந்த ஊரு, எந்த எஸ்டேட்டு?" தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் விசாரணை சூடு பிடிக்கும். அங்கே மாமா ஒருவர் கங்காணியாக இருந்திருப்பார், அல்லது மச்சான் ஒருவர் லாரி ஓட்டியிருப்பார். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனிடம் போய்ச் சேருமுன் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊருக்கு ஊர் விருந்து வருவதுபோல், இங்கும் வாழையிலைக் கடை, முறுக்குக் கடை, செண்டோல் வண்டி என்று பட்டியல் நீளும். தேடிவந்த கோயில் நடை சாத்தும் நேரம் ஆகிவிடும்.

பட்டியல் சொல்லியும் நால்வர் முகத்திலும் தெளிவு வராவிட்டால் இறுதிக்கட்டம். வழி சொன்ன அண்ணன் தலைக்கவசத்தை மாட்டிக்கொள்வார். "விடுங்க, என் மோட்டார் பின்னாலேயே வாங்க." அவர் போக வேண்டியது எதிர்த்திசை. கூட்டாளிகளின் காடி பின்தொடரும். டிராபிக் லைட்டில் சிவப்பு விழுந்து அவர்கள் நின்றுவிட்டால், அவரும் அந்தப் பக்கம் ஓரமாக நிறுத்திக் காத்திருப்பார். அந்த அண்ணனின் பூர்வீகத்தை விசாரித்தபோது பல நேர்வுகளில் தெரியவந்தது, அவர் புதுக்கோட்டையிலிருந்து கடை வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வழி மட்டும் சரியாகவே சொன்னார்.