கார்ன்வாலிஸுக்கு ஓசூரில் என்ன வேலை?

கே: அமெரிக்காவில் தோற்ற கார்ன்வாலிஸும் திப்புவை மடக்கிய கார்ன்வாலிஸும் ஒரே ஆளா? (வாசகர், சூளகிரி)

சாட்சாத் அவரேதான். 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லி வாளைக் கொடுக்கத் துணைத் தளபதியை அனுப்பியவர். லீவ் லெட்டர் நம் கண்டுபிடிப்பு இல்லை! தோற்று வந்தவரை லண்டன் 1786-ல் கவர்னர் ஜெனரலாக்கி இங்கே அனுப்பியது. 1791-ல் பெங்களூரு விழுந்தது, அப்புறம் ஓசூர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம்: பாதி ராஜ்யம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பணம் வரும்வரை பிணையாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகள்.

கே: கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நாட்டு எல்லை இருந்ததாமே? (வாசகி, பர்கூர்)

ஏழு வருஷம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் பாராமகால் பகுதியோடு கிருஷ்ணகிரி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ஓசூர் மறுபடி திப்புவிடமே. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டைப் பக்கமிருந்துதான் மைசூருக்குள் நுழைந்தது. மே 4-ல் திப்பு வீழ்ந்தபின் ஓசூரும் கம்பெனிக்கு. அந்த எல்லையின் ஞாபகார்த்தமாகத்தான் கிருஷ்ணகிரியில் சுங்கச்சாவடி வைத்திருக்கிறார்களோ என்னவோ.

கே: பிரான்சை நம்பியது திப்புவின் தப்பா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

அமெரிக்காவும்தான் நம்பியது. 1797-ல் சமாதானம் பேசப் போன அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு மந்திரி தாலேரானின் ஆட்கள் கேட்டது இரண்டரை லட்சம் டாலர் ‘கமிஷன்’. அதிபர் ஆடம்ஸ் ஆசாமிகளின் பெயரை மறைத்து, எக்ஸ், ஒய், இசட் என்று போட்டுக் கடிதங்களை வெளியிட்டார். ஊர் கொதித்தது, 1800 வரை கடலில் அறிவிக்காத போர். திப்புவின் தூதர்களுக்கு 1788-ல் பாரிசில் மரியாதை தடபுடலாகக் கிடைத்தது, படைதான் கிடைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து மொரீஷியஸிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். நம் சிப்காட் கம்பெனி பஸ் இரண்டில் அடங்கிவிடுவார்கள். அவர்களைக் காட்டித்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி போரே தொடுத்தார்.

கே: அமெரிக்காவில் யாருக்காவது மைசூரைத் தெரிந்திருந்ததா? (வாசகர், வேப்பனப்பள்ளி)

பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கே ‘ஹைதர் அலி’ என்று திப்புவின் அப்பா பெயரை வைத்திருந்தார்கள். 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. ஹைதர் கடல் தாண்டாமலேயே ஜெயித்த சண்டை.

கே: நம் பக்கத்திலிருந்து யாராவது வாஷிங்டனுக்குத் தூது போயிருக்கிறார்களா? (வாசகி, ஓசூர்)

உங்கள் பக்கத்து ஊர் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி. கார்ன்வாலிஸ் வந்த கவர்னர் ஜெனரல் வரிசையில் கடைசி ஆள். 1962-ல், 83 வயதில், கென்னடியை நேரில் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருஷம் பகுதித் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. இன்னும் பார்க்கவில்லையென்றால் ஒரு நடை போய்வாருங்கள்.