பொட்டிக்கு வாயைக் குடுக்காதீங்க, டீச்சரம்மா

பாட்டு டீச்சரம்மா, உங்க வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சாமே! பேத்தி வந்து சொன்னா. டீச்சர் பட்டனைத் தட்டுறாங்களாம், பொட்டி பாடுதாம், புள்ளைங்க கையைக் கட்டிக்கினு கேக்குதுங்களாம். பக்கத்து ரூம்பு கணக்கு வாத்தியாரு தலைவலி தைலத்தை வுட்டொழிச்சிட்டாராம். சத்தமே வராத பாட்டு வகுப்பு நடத்துறது லேசுப்பட்ட காரியமா? எங்க காலத்து வாத்தியாருங்களுக்கு அம்மாம் சாமர்த்தியம் பத்தல. எல்லாரையும் கத்த விட்டுட்டு, அந்தக் கூச்சல்லேருந்து பாட்டைத் தேடி எடுப்பாங்க.

பாகூர் கெழவனுக்குப் பொட்டின்னாலே ஆவாதுன்னு நெனைச்சிடாதீங்க. பிடில்கூட வெள்ளைக்காரன்கிட்டேருந்து வந்ததுதான். முத்துசாமி தீட்சிதர் தம்பி பாலுசாமி அதைக் கத்துக்கினு, நம்ம ராகத்துக்குப் பழக்கி, சம்மணம் போட்டு உக்கார வச்சிட்டாரு. ஆர்மோனியம் நம்ம பழைய துரைமாரு ஊருச் சரக்கு. 1840கள்ல பாரிசுல டெபேன்ங்கறவரு பண்ணது. அது மட்டும் சம்மணம் போட மாட்டேன்னுடுச்சு. 1908லேருந்து 1918 வரைக்கும் நம்ம புதுச்சேரியில குடியிருந்தாரே பாரதியாரு, சங்கீதத்தைப் பத்தி எழுதுனப்போ அதை வெளுத்து வாங்கியிருக்காரு. 1940ல ஆல் இந்தியா ரேடியோ அதை வாசல்லயே நிறுத்திடுச்சு. மறுபடி கதவைத் தொறக்க 1971 ஆச்சு, அதுவும் ஒருக்களிச்சு.

ஏன் இந்தப் பகை? ஒரு கட்டையை அமுக்குனா ஒரே சுரம். அடுத்ததுக்குத் தாவும், வழுக்கிக்கினு போவத் தெரியாது. நம்ம கமகம் குடியிருக்குறதே அந்த வழுக்குற எடத்துல. போதாக்கொறைக்கு, எந்தச் சுருதியில வாசிச்சாலும் ஒத்துப்போவட்டும்னு சுரங்களை லேசா நகத்தி வச்சிருக்கான். ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காப் போட்டா, சங்கராபரணத்துக் காந்தாரம் தம்பூராவோட சேர்ற எடத்தைவிட 14 பங்கு மேல நிக்குது. உங்க செல்போன் கீபோர்டும் அந்த வம்சந்தான். அதைக் கேட்டுப் புள்ளைங்க காந்தாரம் புடிச்சா, தம்பூரா ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம்.

இன்னொரு யோசனையும் வச்சிருக்கேன். ஆட்டோ டியூன்னு ஒண்ணு. 1997ல அமெரிக்காவுல ஆண்டி ஹில்டெபிராண்டுன்னு ஒருத்தரு கொண்டாந்தாரு. அதுக்கு முந்தி, பூமிக்குள்ள சத்தத்தை அனுப்பி எண்ணெய் எங்க கெடக்குதுன்னு தேடுற கணக்குல அவரு கில்லாடி. அந்த வித்தையைத் தொண்டைப் பக்கம் திருப்பிட்டாரு. அதையும் மாட்டிவிடுங்க டீச்சரம்மா. அத்தினி பேரும் சுருதியில நிப்பாங்க. சுருதின்னா இன்னான்னு ஒருத்தருக்கும் தெரியாது. மார்க்கு போட எம்மாம் சௌகரியம்! கோயில்ல மோட்டார் மேளம் பாத்திருப்பீங்களே, சுவிட்சைப் போட்டா முரசும் மணியும் தானா அடிக்கும். தாளம் தப்பவே தப்பாது. சாமியும் ஒண்ணும் சொல்லல. மேளம் கத்துக்க வர்ற பையனைத்தான் காணோம்.

கிண்டல் கெடக்கட்டும். பொட்டிக்குக் காது வேலை குடுங்க, வாய் வேலை குடுக்காதீங்க. நான் சொல்ல வந்தது அம்மாந்தான்.

1979 வாக்குல பெங்களூர்ல ராஜ் நாராயண்னு ஒரு இஞ்சினியரு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி பண்ணாரு, புல்லாங்குழலும் வாசிக்கிறவரு. அந்தப் பெட்டி பாடாது. பாடுறவன் நிக்கிறதுக்கு எடம் குடுக்கும், உங்க ரெண்டு கையையும் தாளத்துக்கு விட்டுடும். இதுவல்லவா பொட்டி! அடுத்தது, யூடியூப்ல பெரிய வித்துவான் ஒரு கட்டையில பாடுவாரு. எட்டு வயசுப் புள்ளைக்கு அது பாதாளம். பாவம், கெணத்துக்குள்ளேருந்து முனகுது. செல்லுலயே சுருதியை அஞ்சு கட்டைக்குத் தூக்கலாமாம், தூக்குங்க. வேகத்தைப் பாதியாக் கொறைச்சாலும் சுருதி மாறாதாம். அப்படிப் போட்டா ஒரு அசைவு எங்க கெளம்பி எங்க எறங்குதுன்னு கடைசி பெஞ்சுக்கும் புரியும். டேப்லெட்டுல தாளம் தட்டவிட்டீங்கன்னா ஸ்பீக்கருக்கு ஒயரு போடுங்க. புளூடூத்துல சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். நீங்க வீச்சுக்குப் போனப்புறம் தட்டுனது கேக்கும். எல்லாத்துக்கும் மேல, புள்ளைங்க பாடுனதைப் பதிஞ்சி அதுங்களுக்கே போட்டுக் காட்டுங்க. நாந்தான் சுருதி சுத்தம்னு மார்தட்டுறவன் மொதல்ல அடங்குவான்.

அப்புறம் செல்லைக் கையில குடுத்து வெளிய தொரத்துங்க. கரிசக்காட்டு எழுத்தாளரு கி.ரா. இங்க பல்கலைக்கழகத்துக்கு வந்து உக்காந்துக்கினு, நம்ம பெருசுங்க வாயிலேருந்து கதையைக் கறந்தாரு. பாட்டைக் கறக்க உங்க புள்ளைங்க போவட்டும். வீராம்பட்டினத்துல மீனவங்க பாடுற அம்பாப் பாட்டு தெரிஞ்ச தாத்தாங்களைத் தேடட்டும். எங்க பாகூர்ப் பக்கம் நடவுப் பாட்டு தெரிஞ்ச ஆயாங்க, மிஷினு நாத்து நடுறதைத் திண்ணையிலேருந்து வேடிக்கை பாத்துக்கினு கெடக்குறாங்க. ஒருத்தராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்குது அவங்களுக்கு. சரின்னு சொன்னா மட்டும் பதியணும், திருட்டுத்தனமா கூடாது. பதிஞ்சி செல்லுல பூட்டி வச்சா ஊறுகாதான். ஆயா எந்தக் கட்டையில பாடுனாங்க, எங்க மூச்சு வாங்குனாங்க, தாளம் எங்க விழுந்துதுன்னு கண்டுபுடிச்சிட்டு, செல்லை அணைச்சிட்டுப் பாடிக் காட்டணும். அதுக்கு மார்க்கு போடுங்க.

ஒம்பதாம் நூத்தாண்டுல, நிருபதுங்கவர்மன் காலத்துல, எங்க பாகூர்ல படிப்பு சொல்லிக்குடுக்குற எடத்துக்குன்னு மூணு ஊரையே எழுதி வச்சாங்க, செப்பேடு இருக்குது. மூணு ஊரு வரும்படியைத் தின்னுட்டு வாத்தியாரு வாயைத் தொறக்கலைன்னா சும்மா வுட்டிருப்பாங்களா? உங்களுக்கு ஒரு போர்டுதான் குடுத்திருக்காங்க, பயப்படாதீங்க. போர்டுக்கு ஆபீசரு வந்து கணக்குப் பாத்துக்குவாரு. புள்ளைங்க வாய்க்குக் கணக்குக் கேக்க ஆளில்லையேன்னுதான் நான் கேக்குறேன்.

ஆண்டு விழாவுக்குப் பொன்னாடை ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். பாடுறவங்களுக்குத்தான் போத்துவேன். புள்ளைங்க வாயை மட்டும் அசைச்சி, பென் டிரைவு பாடுச்சுன்னா, அதுக்கே போத்திட்டு வந்துடுவேன். சின்ன உருப்படிதானே, பாதித் துணி மிச்சம்.