குரல் வாக்கெடுப்புக்கு ஓவர்டைம்

கேள்வி: சட்டசபையில் மசோதா நிறைவேறிவிட்டால் சட்டமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், பர்கூர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா, 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். மத்தியச் சட்டத்தைத் திருத்துவதால் ஜனாதிபதி ஒப்புதலும் தேவைப்பட்டது. அந்தப் படியை அது ஏறவே இல்லை. ‘தொழிற்சங்கங்கள் எதிர்த்தால் மாறிவிடும் என்றால் 234 எம்.எல்.ஏ.க்கள் எதற்கு?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் மசோதாவைச் சட்டசபைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பி, ஓசூர்த் தொழிலாளியையும் முதலாளியையும் முன்பே கேட்டிருந்தால் எதிர்ப்பு அங்கேயே பதிவாகியிருக்கும். நிறைவேற்றச் சில நிமிடம், விழுங்கப் பத்து நாள். அந்த ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் யார் கணக்கில்?