தும்பை வளர்க்க விரும்புவோர் கவனத்துக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் தும்பை வளர்க்க ஆசைப்பட்டால், முதலில் நல்ல விலை கொடுத்துக் கொரியன் புல்தரை போட வேண்டும். நாலு மழை விழட்டும், புல்லுக்கு நடுவில் தும்பை வந்து நிற்கும். தனியாக விதைத்தால் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம்மூர்ச் செடியை அடையாளம் காண்பது சுலபம். நர்சரிக்காரர் பெயர் சொல்லி விற்பது பெரும்பாலும் வெளிநாட்டுச் செடி. தோட்டக்காரர் பெயர்கூடக் கேட்காமல் பிடுங்குவது நம்மூர்ச் செடி. விதிவிலக்கு பார்த்தீனியம். அதைத் தாராளமாகப் பிடுங்கலாம். இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது 1990களில். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே, சிப்காட்டில் மனு போடாமல், மின் சலுகை கேட்காமல், அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குள் வந்து உற்பத்தியைத் தொடங்கிவிட்ட செடி அது.

விஷ்ணுகிராந்தியைப் பார்க்க ஷிப்ட் அட்டவணை தேவை. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். முதல் ஷிப்டுக்காரர் கம்பெனி பஸ் ஏறும்போது மொட்டு, இறங்கும்போது வாடல். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்தான் கொடுத்துவைத்தவர். தூக்கக் கலக்கத்தில் மிதிக்காமல் இருந்தால் சரி.

பூளைப்பூ மதில் ஓரத்தில் தானே முளைக்கும். அதை மார்கழியில் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, பொங்கலுக்கு வாசலில் செருகக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குவதே முறை. எருக்குக்கும் இதே மரியாதை, பிள்ளையார் சதுர்த்தி அன்று. மற்ற நாளில் அதன் இலையில் முட்டையிட வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியை யாரும் விசாரிப்பதில்லை.

உழைத்துத்தான் தீருவேன் என்பவருக்கு ஆவாரை. விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் ஓரிரவு ஊறப்போட்டு, ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போவதால் பிறகு இடம் மாற்றினால் பட்டுப்போகும். மனையை மேடாக்கக் கொட்டிய கிராவலே போதும், உரம் வேண்டாம். செடி வேர் பிடித்ததும் தண்ணீரும் வேண்டாம். ஓய்வுபெற்ற அப்பா வீட்டில் இருந்தால் ஹோஸ் பைப்பை ஒளித்துவையுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தார் வந்து "என்ன சார், புதர் மாதிரி விட்டிருக்கீங்க?" என்பார்கள். 'மூலிகைத் தோட்டம்' என்று ஒரு போர்டு மாட்டுங்கள். அப்புறம் பிடுங்கச் சொல்ல மாட்டார்கள். விடியற்காலை வாக்கிங்கில் கையோடு கேரி பேக் கொண்டுவந்து, சர்க்கரைக்கு நல்லது என்று ஆவாரம்பூ அத்தனையையும் பறித்துப் போவார்கள். அதற்கு முள்வேலி போடும் முறை தனி.