நீ செத்தா யாருக்குய்யா நட்டம்?

வாய்யா மருமகனே. பெங்களூர்ல இருந்து ராத்திரி பூரா பஸ்ல வந்தது எங்களப் பாக்கத்தான்னு உங்க அத்தை பூரிச்சுப் போயி நிக்கா. கையில இருக்கிற பிளாஸ்டிக் கவரைப் பாத்தா எனக்கு அப்படித் தெரியல. என்ன உள்ள, பாண்டா? கொண்டா இங்க.

மூணு பாலிசி. நாப்பத்தாறு வயசு. கல்யாணம் இல்ல, புள்ளகுட்டி இல்ல. அப்பனும் ஆத்தாளும் போயிச் சேந்தாச்சு. தங்கச்சி அரசாங்க வேலையில இருக்கா, கேட்டா அவதான் உனக்குக் கடன் குடுப்பா. ஏய்யா, நீ செத்தா யாருக்கு நட்டம்? மொறைக்காத. நான் அழுவேன், அத்தை அழுவா, பதினாறாம் நாள் வரைக்கும் குறைவில்லாம அழுவோம். அழுகைக்கு எந்தக் கம்பெனியும் கிளெய்ம் குடுக்காது. உன் சம்பளம் நின்னு போனா எந்த வீட்டுல உலை கொதிக்காது? அதைச் சொல்லு.

யோசிக்காத, நானே சொல்லுதேன். ஒரே ஒரு வீடு இருக்கு, உன் ஏஜெண்டு வீடு. நீ இந்தப் பழைய பாலிசி எடுத்த காலத்துல முதல் வருஷம் கட்டுன பிரீமியத்துல கால்வாசி அவருக்கு. அடுத்த ரெண்டு வருஷம் நூத்துக்கு ஏழரை. பெறவு நீ கட்டுற வரைக்கும் நூத்துக்கு அஞ்சு. தப்பே இல்ல, அவரு தொழில் அது. ஆனா இந்தப் பூமியில உன்னய நம்பி இருக்கிற ஒரே ஜீவன் அவருதான். உன் பொறந்த நாளுக்கு வருஷந்தவறாம போன் பண்ணுதாரா? வேற யாரு பண்ணுதா?

எல்.ஐ.சி. பாண்டு மேல இருக்கிற படத்தைப் பாரு. ரெண்டு கை ஒரு விளக்கைப் பொத்திப் பிடிச்சிருக்கு. கம்பெனியும் சொசைட்டியுமா 245-ஐ ஒண்ணாச் சேத்து அரசாங்கம் 1956-ல ஆரம்பிச்ச ஆபீஸு, விளக்கை அணைய விடமாட்டாக, சரி. அந்த வெளிச்சத்துல சோறு திங்க உக்காந்திருக்கிறது யாரு? ஒருத்தரும் இல்லன்னா, வெள்ளாமை இல்லாத பிஞ்சைக்குக் காவக்காரன் வச்சுச் சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்கன்னு அர்த்தம்.

ஒவ்வொண்ணா எடு. இது டெர்மு. வருஷம் பன்னெண்டாயிரம், செத்தா அம்பது லட்சம், பொழச்சுக் கெடந்தா சல்லிக்காசு வராது. குடும்பஸ்தனுக்கு இதுதான் உள்ளதுலயே நேர்மையான பாலிசி. உனக்கு எதுக்கு? அடுத்த தவணையக் கட்டாத, 30 நாள் கெடு முடிஞ்சா தானா அத்துப் போகும். திருப்பித் தர அதுல ஒண்ணும் இல்லாததால ஆபீஸுக்கு அலையுற வேலையும் இல்ல.

ஆனா விடுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன், அத்தை காதுல விழாமச் சொல்லு. யாரையாவது கட்டிக்கிடுற யோசனை இருக்கா? இல்ல, எவனுக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கியா? ரெண்டுல எது இருந்தாலும் விட்டுராத. இன்னைக்கு விட்டுட்டு அம்பது வயசுல திரும்பப் போயி நின்னா, அதுக்குள்ள சர்க்கரையும் பிரஷரும் உன்னயக் கட்டிக்கிட்டு இருக்கும். பிரீமியத்தை ஏத்துவான், இல்லன்னா வேண்டாம்னுருவான். இன்சூரன்ஸ் சட்டத்துல 45-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு: பாலிசி எடுத்து மூணு வருஷம் தாண்டிட்டா, நீ அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. புதுசா எடுத்தா அந்த மூணு வருஷமும் முதல்ல இருந்து ஓடணும். என்ன, சிரிக்க? பேரு என்ன? சரி, சொல்லாட்டாப் போ.

அடுத்தது எண்டோமெண்டு. 5 லட்சத்துக்கு 20 வருஷம். வருஷம் 25,000 சொச்சம், 14 தவணை கட்டியாச்சு. இதைச் சரண்டர் பண்ணிரட்டான்னுதான கேக்க? எண்டோமெண்டு எல்லாம் வேஸ்டுன்னு ஏதோ வீடியோவுல ஒரு பய சொல்லியிருப்பான். எடுக்கிறதுக்கு முன்னால கேக்க வேண்டிய பேச்சுய்யா அது. இந்த வகையில வருஷத்துக்கு அஞ்சு, ஆறு சதம் தேறுனாப் பெருசு. பி.பி.எஃப்.லயே 7.1 குடுக்காக. அன்னைக்கு எங்கிட்டக் கேட்டிருந்தா வேண்டாம்னுருப்பேன். நீ எங்க கேட்ட?

இப்பக் கணக்கே வேற. கட்டுன மூணரை லட்சத்தை மனசுல இருந்து எடுத்துரு. இனிக் கட்டப்போற ஆறு தவணை, ஒண்ணரை லட்சம், அதுக்கு என்ன கிடைக்குன்னு மட்டும் பாரு. ஆபீஸுல மூணு தொகையை எழுதி வாங்கு. இன்னைக்கே சரண்டர் பண்ணா எவ்வளவு. தவணைய நிறுத்திட்டுப் பெய்டு-அப்பா விட்டா எவ்வளவு. கடைசி வரைக்கும் கட்டுனா எவ்வளவு. பெய்டு-அப்புன்னா, 20-ல 14 கட்டியிருக்க, அதனால அஞ்சு லட்சம் மூணரை லட்சமாச் சுருங்கும். இதுவரைக்கும் சேந்த போனஸும் அதோட வரும், ஆனா இப்ப இல்ல, பாலிசி முடியுற வருஷம். சரண்டருக்கு அதைவிடக் கொறச்சுத்தான் தருவாக. இன்னொண்ணு, 15 வருஷமாவது ஓடுன பாலிசிக்குத்தான் இறுதிக் கூடுதல் போனஸ். நீ அதுக்கு ஒரு வருஷம் முன்னால எந்திரிச்சு ஓடப் பாக்க. எனக்குத் தோணுறது, இதைக் கட்டி முடிச்சிரு. இன்சூரன்ஸுன்னு நெனைக்காம, வட்டி கம்மியான சேமிப்புன்னு நெனச்சுக் கட்டு.

மூணாவதப் பாத்தா மை கூடக் காயல. லாக்கர் கேட்டுப் பேங்குக்குப் போனவன் தலையில கட்டிட்டாகளா? லாக்கருக்கும் பாலிசிக்கும் முடிச்சுப் போடக் கூடாதுன்னு அங்கேயே சொல்ல வேண்டியதுதான? ஓ, வரி மிச்சமாகும்னாகளா. நீ எந்த முறையில வரி கட்டுத? புது முறையா! அதுல 80சி கழிவே கிடையாதேய்யா. இல்லாத பொண்டாட்டியக் காப்பாத்த, இல்லாத வரிச்சலுகைக்கு ஒரு பாலிசி எடுத்த ஆளு இந்தச் சீமையிலயே நீ ஒருத்தன்தான்.

நாமினி யாரு? அந்தக் கண்ணாடியை எடு. அடப்பாவி, எம்பேரா? எழுவத்தெட்டு வயசுக்காரன் பேரைப் போட்டிருக்கியே, கணக்குத்தான் என்ன? நீ அறுவதுல போகணும், நான் தொண்ணூத்திரெண்டுல கம்ப ஊனிக்கிட்டு வந்து வாங்கணும். வாங்குனாலும் எனக்கில்ல. அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ளைகளைப் போட்டாத்தான் பணம் அவுகளுக்கே சொந்தம். தாய்மாமன் வாங்கி வாரிசுகிட்ட, அதாவது உன் தங்கச்சிகிட்ட, ஒப்படைக்கணும். சம்பளமில்லாத வேலை எனக்கு. ஒருத்தரும் கேக்காம 10 வருஷம் கெடந்தா மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போயிரும். எனக்கு ஏதாவது வரணும்னா அந்த வழியிலதான் வரணும்.

கம்பெனியில பி.எஃப். பிடிக்காகல்லா? வேலையில இருக்கும்போது செத்தா அதுலயே 7 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டு, அதுக்கு நீ ஒரு பைசா கட்டல, முதலாளி கட்டுதாரு. உன்னய எரிக்க அது போதாதா? சந்தனக்கட்டையா அடுக்கப் போறோம்?

நீ செத்துருவியோன்னு பயந்து மூணு பாலிசி எடுத்திருக்க. எனக்கு, நீ சாக மாட்டியேன்னுதான் பயமா இருக்கு. நம்ம வம்சம் அப்படி. உங்க தாத்தா தொண்ணூறு தாண்டியும் கெடந்தாரு, கடைசிக் காலம் பூரா கட்டில்ல. தூக்கி உக்கார வைக்க நாங்க மூணு பேரு இருந்தோம். உன்னய யாரு தூக்குவா? சம்பளத்துக்குத்தான் ஆள் வைக்கணும், பெங்களூர்ல அது என்ன ரேட்டுன்னு விசாரிச்சியா? மிச்சமாகுற பிரீமியம் அதுக்குப் போகட்டும். கம்பெனி குடுத்த மருத்துவக் காப்பீடு வேலை போற அன்னைக்கே போயிரும். சொந்தமா ஒண்ணு இப்பவே எடு, சர்க்கரை இருந்தா மறைக்காமச் சொல்லிரு, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷத்துக்கு மேல காக்க வைக்க முடியாது. கை கால் முடங்குனா வருமானம் தர்ற விபத்துப் பாலிசியும் பாரு. அரசாங்கத்து விபத்துக் காப்பீடு வருஷம் 20 ரூபா, 2 லட்சம் வரைக்கும். ஒரு டீக்காசு, அதையும் போட்டு வை. பெறவு ரெண்டு சாட்சிய வச்சு ஒரு உயில் எழுது, என்னயச் சாட்சியாக் கூப்பிடாத, சின்ன வயசுக்காரனாப் பாரு.

இந்த மூணாவது பாண்டு கையில வந்து எத்தன நாளாச்சு? இருவத்தாறா? அப்ப நாலு நாள் இருக்கு. 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்தா ஸ்டாம்புச் செலவு, மெடிக்கல் செலவு, ஓடுன நாளுக்கான பிரீமியம் போக மீதி வந்துரும். மெயில் போடு. காரணம் கேட்டா, வரிச்சலுகைன்னு சொன்னாக, எனக்கு அது கிடையாதுன்னு உள்ளதை எழுது. பதில்ல வர்ற நம்பரைக் குறிச்சு வை. லேப்டாப்பை எடுய்யா, அத்தை அடுப்புல தோசைக்கல்லப் போட்டாச்சு, முதல் தோசை வாரதுக்குள்ள போயிரணும்.